உச்சி பட்டுப்போன பிறகும் பருக்கும் மரம்

"அமெரிக்காவில் ஜெனரல் ஷெர்மன் என்று ஒரு மரம் இருக்கிறதே, இத்தனை வயதுக்கு அப்புறமும் அது வளர்கிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

வளர்கிறது. ஆனால் மேல்நோக்கி இல்லை. அதன் உச்சி பட்டுப்போய்விட்டது.

கலிஃபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவில் நிற்கும் இந்த ராட்சத செக்வோயாவுக்கு ஏறத்தாழ 2,200 வயது, உயரம் 83.8 மீட்டர். அதே மாநிலத்தில் ஹைப்பீரியன் என்ற கடலோர ரெட்வுட் 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. ஷெர்மனின் பெருமை பருமனில்தான். அடியில் சுற்றளவு 31 மீட்டர், தண்டின் கன அளவு மட்டும் 1,487 கன மீட்டர். ஒற்றைத் தண்டு மரங்களில் இதைவிடப் பெரியதாக இன்று அறியப்பட்டது வேறில்லை.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய செல் அடுக்கு இருப்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குகிறது. ஆண்டுக்கு ஒரு வளையம். நடுவே வைரம் பாய்ந்த பகுதி உயிரற்றது, தாங்குவதோடு சரி.

இதற்கு அடுத்து வரும் கணக்குதான் எனக்கு எப்போதும் வியப்பு. 30 சென்டிமீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் உள்ள ஓர் இளமரத்தை எடுத்துக்கொள்வோம். தாராளமாகவே, ஓராண்டில் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு வளையம் போடட்டும். தண்டின் மேற்பரப்பு சுமார் 19 சதுர மீட்டர் என்பதால், புதிதாகச் சேரும் கட்டை 0.2 கன மீட்டரைத் தொடாது. ஷெர்மனின் தண்டை அதே கன அளவுள்ள சீரான உருளையாக வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு 1,250 சதுர மீட்டர் வரும். அதன் மேல் வெறும் 1 மில்லிமீட்டர் படிந்தாலே 1.25 கன மீட்டர்! வளையம் பத்தில் ஒரு பங்கு, கட்டையோ ஆறு மடங்குக்கும் மேல். வளையம் மெலிவதைப் பார்த்து மரம் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு.

காட்டுச் சூழலியலாளர் நேதன் ஸ்டீபன்சனின் குழு 2014இல் 403 மர இனங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் மரம் பருக்கப் பருக்க ஆண்டு வளர்ச்சியும் கூடுகிறது என்று காட்டியது. பெரிய மரத்துக்கு மொத்த இலைப்பரப்பும் பெரிதல்லவா? அந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது, பல நாடுகளில் அதே மரங்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்த உழைப்பு. மூன்றாண்டுத் திட்டங்களுக்குத் தாராளமாகப் பணம் கிடைக்கிறது, இந்த வகை வேலைக்கு மட்டும் கைவிரிக்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, கணக்கு எல்லா மரத்துக்கும் பொது. ஷெர்மனுக்கு மட்டும் என்ன? சாகாமல் நின்றதுதான். 60 சென்டிமீட்டர் வரை தடிக்கக்கூடிய, பிசின் அதிகமில்லாத பட்டை சிறுதீயைத் தாங்கும். கட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது. விதை முளைக்கவும் தீ உதவுகிறது: வெப்பத்தில் கூம்புகள் உலர்ந்து திறக்கும், சருகு எரிந்து வெறும் மண் கிடைக்கும்.

கடந்த நூற்றாண்டில் தீயே கூடாது என்று அணைத்துக்கொண்டே வந்ததில் காட்டுக்குள் எரிபொருள் குவிந்துவிட்டது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2020, 2021 தீகளில் உலகின் பெரிய செக்வோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் அழிந்திருக்கலாம் என்பது பூங்காத் துறையின் மதிப்பீடு. 2021 செப்டம்பரில் ஷெர்மனின் அடிமரத்தை அலுமினியப் போர்வையால் சுற்றிய படம் உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்தத் தோப்பைப் பெரிதும் காத்தது, பல பத்தாண்டுகளாக அங்கே வேண்டுமென்றே சிறுதீ மூட்டிச் சருகை எரித்து வந்த வேலை. செய்தியில் வரவேண்டியது அதுதான், நிதியும் அதற்குத்தான் போகவேண்டும்.