தானியத்தைவிடத் தட்டைப் பாருங்கள்

மருத்துவமனைக்குள் அட்டைப்பெட்டியோடு வருபவர்களை நடையைப் பார்த்தே இனம் கண்டுவிடலாம். பூனை கொண்டுவருபவர் மூடியை அழுத்திப் பிடித்திருப்பார். பறவை கொண்டுவருபவர், பெட்டிக்குள் நிரம்பிய தண்ணீர் சிந்திவிடுமோ என்பதுபோல் ஏந்தி வருவார். அப்படி வந்த ஒருவர் திறந்து காட்டியது ஒரு புறா. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அலகோரம் ஈரம். விழுங்க முயல்வதும் கக்குவதுமாக இருந்தது. வாயைத் திறந்து விளக்கடித்தேன். தொண்டையில் மஞ்சளாக, பாலாடைக்கட்டி போன்ற படலம்.

"தினமும் என் தோட்டத்துக்கு வரும் புறா, டாக்டர். நல்ல தானியம்தான் வைக்கிறேன். கல், தூசி பார்த்துப் புடைத்துத்தான் வைப்பேன்" என்றார்.

"தட்டை எப்போது கழுவினீர்கள்?"

யோசித்தார். கழுவ வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் பறவைகள் கொத்திவிடுகிற தட்டை எதற்குக் கழுவுவது?

அந்தப் படலத்துக்குக் காரணம் ட்ரைக்கோமோனாஸ் கல்லினே என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நோயுற்ற பறவை கக்கிய மணியை அடுத்த பறவை பொறுக்குகிறது. அது அலகு நனைத்த தண்ணீரை இன்னொன்று குடிக்கிறது. புறாக்கள் கழுத்துப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும்போதும் இது கூடவே போகிறது. நோயுற்ற புறாவைத் தின்னும் பருந்தையும் விடுவதில்லை. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு இந்த நோய் ஃபின்ச் இனக் குருவிகளிடையே பரவத் தொடங்கியது. தோட்டங்களில் சாதாரணமாகத் தென்பட்ட கிரீன்ஃபின்ச் குருவிகளின் எண்ணிக்கை அதன்பின் மளமளவெனச் சரிந்தது. இந்த ஒட்டுண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு: நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். ஈரம்தான் அதன் வாழ்வு.

காட்டில் பறவைகள் சிதறி மேய்கின்றன. நாம் தீனி வைக்கும்போது நாலைந்து இனங்களை ஒரே தட்டுக்கு அழைக்கிறோம். அங்கேயே தின்கின்றன, அங்கேயே எச்சமிடுகின்றன. எச்சத்தின் வழியாகப் பரவும் சால்மோனெல்லா என்ற கிருமி 2020–21 குளிர்காலத்தில் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் என்ற சிறு குருவிகளை ஏராளமாகக் கொன்றது. தீனிக் கலங்களைத் தொட்ட மனிதர்களும் நோயுற்றார்கள். "தட்டையாக வைத்தால்தானே தொல்லை, துளை வழியாகக் கொத்தித் தின்னும் தொங்கும் தீனிக்குழாய் வாங்கிவிடுகிறேன்" என்பவர்களுக்கு 1994இல் அதே நாட்டில் தெரியவந்த கண் நோயைச் சொல்வேன். மைக்கோப்ளாஸ்மா கிருமி தாக்கி ஹவுஸ் ஃபின்ச் குருவிகளின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. குழாயின் துளை விளிம்பில் நோயுற்ற பறவையின் முகம் உரசிய இடத்தில் அடுத்ததும் வந்து உரசியது. ஆக, கலம் எந்த வடிவமானாலும் கழுவுவதிலிருந்து விடுதலை இல்லை.

வாரம் ஒருமுறையாவது கழுவுங்கள். முதலில் சோப்பும் வெந்நீரும் கொண்டு அழுக்கையும் எச்சத்தையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வீண். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். நன்றாக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட வேண்டும். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், கையுறை அணியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தினமும் புதுத் தண்ணீர். கலத்தின் இடத்தை அவ்வப்போது மாற்றினால் அடியில் எச்சம் சேராது.

இனி பருவங்கள். எந்த மாதத்தில் என்ன தீனி என்று அட்டவணை கேட்கிறார்கள். வைத்தது எவ்வளவு நேரத்தில் கெடும் என்பதுதான் என் கவலை. கடுங்குளிரில் சிறு பறவைகள் ஓர் இரவைக் கழிப்பதற்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குவரை இழக்கக்கூடும். அப்போது சூரியகாந்தி விதை, நிலக்கடலை, உப்பில்லாத கொழுப்பு ஆகியவை உண்மையிலேயே கைகொடுக்கும். அதே கொழுப்பு வெயிலில் உருகி இறகில் ஒட்டினால் இறகு நீரைத் தடுக்கும் தன்மையை இழக்கிறது. காறிப்போன கொழுப்போ உடம்புக்கும் ஆகாது. கோடையில் தீனியைவிடத் தண்ணீரே முக்கியம். ஓரிரு அங்குல ஆழம், சொரசொரப்பான அடிப்பாகம் போதும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் முழு நிலக்கடலையை வைக்காதீர்கள், குஞ்சின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விதை தின்னும் குருவிகளில் பெரும்பாலானவை அப்போது குஞ்சுகளுக்குப் பூச்சிகளைத்தான் ஊட்டுகின்றன. பூச்சிமருந்து அடிக்காத தோட்டத்தைவிட நல்ல விருந்து அவற்றுக்கு வேறில்லை.

எனக்குப் பயம் தருவது மழைக்காலம். நனைந்த நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தாக்கும்; வறுத்தாலும் முழுதாக அழியாது. "மனிதனுக்கு ஆகாது, பறவைக்குப் போட்டுவிடலாம்" என்று மூட்டையின் அடியிலிருந்து வழித்து எடுத்து வருபவர்களிடம் மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். மழை நாளில் அரை நாளுக்குள் தீரும் அளவு வையுங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். இரவில் விட்டால் எலிக்குத்தான் விருந்து.

ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்து தராது. பால் பறவைகளுக்குச் செரிக்காது. உப்பிட்ட நொறுக்குத்தீனி, சாக்லேட், அவகாடோ மூன்றும் நஞ்சு. தேன் உறிஞ்சும் சிட்டுகளுக்கு வைப்பதானால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். நிறமும் வேண்டாம், தேனும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது.

நோயுற்ற பறவை ஒன்று தட்டருகே தெரிந்தால் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா என்று கேட்பார்கள். எது எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது, கூடாது. செய்ய வேண்டியது தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டுக் குறைந்தது இரண்டு வாரம் காத்திருப்பது. கூட்டம் கலைந்தால் தொற்றும் தணியும். "பட்டினி கிடக்குமே" என்ற கலக்கம் எல்லோருக்கும் வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 25 ஆண்டுகள் தீனி வைத்துவந்த ஓரிடத்தில் சிக்கடீ குருவிகளுக்கு அதை நிறுத்திப் பார்த்தார்கள். தீனியே பார்த்திராத பறவைகளைப் போலவே அவையும் குளிர்காலத்தைத் தாண்டின. நம் தட்டு அவற்றுக்குக் கூடுதல் வரும்படி மட்டுமே.

அந்தப் புறா பிழைக்கவில்லை. தொண்டை ஏறக்குறைய அடைபட்டுத்தான் வந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, மறுபடி வைக்கலாமா என்று கேட்டார். வேறு பறவை எதுவும் சோர்ந்து தெரிகிறதா என்று விசாரித்துவிட்டு, வைக்கலாம் என்றேன். நான் தட்டைப் பற்றிக் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: "இரண்டு தட்டு வாங்கிவிட்டேன் டாக்டர். ஒன்று தோட்டத்தில் இருக்கும்போது மற்றொன்று மாடியில் காயும்."