ஃபவேலான்னா சேரியா? சிட்டி ஆஃப் காட் பார்த்தவங்களுக்கு ஒரு சொல் விளக்கம்

சிட்டி ஆஃப் காட்ங்குற பிரேசில் படத்த பார்த்துட்டு வர்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வரிலதான் கதைய சொல்லுவாங்க, "பிரேசில் சேரில வளர்ற பசங்க துப்பாக்கி தூக்குற கதை"ன்னு. அப்புறம் அந்த கோழி துரத்துற ஓப்பனிங், கேமரா சுத்துற ஸ்பீடு, மாட்டுன ரெண்டு பொடிப்பசங்ககிட்ட கையிலயா கால்லயான்னு கேக்குற அந்த சீன், அத பார்க்க முடியாம முகத்த திருப்பிக்கிட்டது எல்லாம் வரும். சிலர் மாஸ்னு சொல்லுவாங்க, சிலர் ரெண்டாவது தடவ பார்க்க தெம்பில்லன்னு சொல்லுவாங்க. ரெண்டு கட்சியும் சண்ட போடாம ஒத்துக்குற ஒரே விஷயம் அந்த "சேரி"ங்கற வார்த்த. இங்கிலீஷ் சப்டைட்டில்ல ஸ்லம்னு வந்தா நம்ம கை தானா சேரின்னு டைப் பண்ணிடுது. படத்துல பேசுறது போர்ச்சுகீஸ், அதுல ஃபவேலான்னு ஒரு வார்த்த இருக்கு, அதோட கதை படத்துக்கு நூறு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்குது.

முதல்ல நேர் அர்த்தம். பிரேசில்ல அரசாங்கம் பட்டா போட்டுக் குடுக்காத நிலத்துல, பெரும்பாலும் மலைச்சரிவு, சதுப்பு, ரயில் பாதை ஓரம் மாதிரி வேற யாருக்கும் வேண்டாத எடத்துல, ஜனங்க தாங்களே கட்டிக்கிட்டு வாழுற நெருக்கமான குடியிருப்புதான் ஃபவேலா. உச்சரிக்கும்போது நடுவுல இருக்குற 'வே'ல அழுத்தம் விழும்.

ஆனா வார்த்த பொறந்தது ஒரு செடியில இருந்து. பிரேசிலோட வடகிழக்குல செர்தாவுங்குற வறண்ட காட்டுப்பகுதில ஃபவேலான்னு ஒரு குத்துமரம் இருக்கு, ஆமணக்கு குடும்பம், நம்ம மரவள்ளி காட்டாமணக்குக்கெல்லாம் ஒறவு. ஒடச்சா பால் வரும், மேல சுணை இருக்கும், தெரியாம தொட்டா எரிஞ்சு தள்ளிடும். ஃபாவான்னா போர்ச்சுகீஸ்ல அவரை மாதிரி ஒரு பெரிய பயறு, அதோட சின்ன வடிவமா ஃபவேலான்னு பேர் வந்திருக்கும்னு பொதுவா சொல்றாங்க. இந்த செடி நெறைய வளர்ந்திருந்த ஒரு குன்றுக்கு மோஹு ட ஃபவேலா, அதாவது ஃபவேலா குன்றுன்னு பேர். அது பஹியா மாநிலத்துல கனூடோஸ்ங்குற ஊருக்குப் பக்கத்துல இருந்துச்சு.

கனூடோஸ்ல என்ன நடந்துச்சுன்னா, அந்தோனியோ கொன்செல்யேரோன்னு ஒரு ஊர் சுத்துற பக்திமான் பின்னாடி ஏழ ஜனங்க ஆயிரக்கணக்குல போய் குடியேறி தனியா ஒரு ஊரே உண்டாக்கிட்டாங்க. பஞ்சத்துல அடிபட்டவங்க, 1888ல அடிமை முறை ஒழிஞ்சும் போக எடமில்லாம நின்னவங்கன்னு பலரும் அதுல இருந்தாங்க. புதுசா வந்த குடியரசு இத கலகம்னு பார்த்துச்சு. 1896ல இருந்து 97க்குள்ள நாலு தடவ படைய அனுப்புனாங்க, மூணு தடவ தோத்து ஓடி வந்தாங்க, நாலாவது தடவ பீரங்கி வச்சு ஊரையே தரைமட்டம் ஆக்கிட்டாங்க. அந்த பீரங்கிய ஏத்தி வச்ச எடம் ஃபவேலா குன்று.

ஜெயிச்ச சிப்பாய்ங்க அப்போ தலைநகரா இருந்த ரியோவுக்கு திரும்பி வந்தாங்க, தர்றதா சொன்ன வீடும் வரல, பாக்கி சம்பளமும் ஒழுங்கா வரல. போர் அமைச்சக ஆபீஸுக்கு பின்னாடி இருந்த ப்ரொவிடென்சியா குன்றுல குடிசை போட்டு உக்காந்துட்டாங்க, கண்ணுக்கு நேரா இருந்தா என்னைக்காவது ஒரு நாள் கவனிப்பாங்கன்னு நெனச்சிருக்கலாம். அந்தக் குன்றுக்கும் ஃபவேலா குன்றுன்னே பேராயிடுச்சு. ஏற்கனவே அங்க சுத்திமுத்தி ஏழைங்க இருந்தாங்க, 1893ல கபேசா டி போர்கு, அதாவது பன்னித்தலைன்னு பேர் வச்ச ஒரு பெரிய லைன் வீட்ட மாநகராட்சி இடிச்சுத் தள்ளுனப்ப வெளிய வந்தவங்கள்லயும் கொஞ்சம் பேர் அங்க ஏறுனதா சொல்றாங்க. அப்புறம் 1903ல இருந்து மேயர் பெரேய்ரா பாசோஸ் ரியோவ பாரிஸ் மாதிரி ஆக்குறேன்னு நடு ஊர்ல இருந்த ஏழை வீடுங்கள வரிசையா இடிக்க, ஜனங்க வேற வழியில்லாம இன்னும் மேல மேல ஏறிட்டாங்க. ஒரு இருபது முப்பது வருஷத்துல அந்த ஒரு குன்றோட பேரு எல்லா குன்றுக் குடியிருப்புக்கும் பொதுப்பேர் ஆயிடுச்சு.

பொதுப்பேர் ஆன கையோட வசவாவும் ஆயிடுச்சு. 1937ல ரியோவோட கட்டட விதிகள்ல ஃபவேலாங்குற வார்த்த வருது, எதுக்கு வருதுன்னா புதுசா கட்டக்கூடாது, இருக்குறத பெருசாக்கக்கூடாதுன்னு தடை போடுறதுக்கு. சென்சஸ்காரங்க ரொம்ப காலத்துக்கு 'அக்லொமெராடோ சுப்நோர்மால்'னு ஒரு பேர் வச்சிருந்தாங்க, தமிழ்ல சொன்னா 'இயல்புக்குக் கீழான குவியல்'. யோசிச்சுப் பாருங்க, ஒங்க தெருவ கவர்மெண்ட் பேப்பர்ல இப்படி எழுதி வச்சிருந்தா எப்படி இருக்கும்? 2024 ஜனவரிலதான் அத தூக்கிட்டு 'ஃபவேலாக்களும் நகர்ப்புறச் சமூகங்களும்'னு மாத்துனாங்க. 2022 சென்சஸ் கணக்குப்படி 12,348 ஃபவேலாக்கள்ல 1 கோடியே 64 லட்சம் பேர் இருக்காங்க, நாட்டு ஜனத்தொகைல 8.1 சதவீதம். அதுல நூத்துக்கு 73 பேர் கறுப்பர் இல்லன்னா கலப்பினத்தவர். இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, சேரி விஷயத்துக்கு வரும்போது வேணும்.

இப்ப படத்துக்கு வருவோம். சிட்டி ஆஃப் காட்னா சிடாஜி ஜி டெயுஸ், கடவுளின் நகரம், ரியோவோட மேற்குல ஜகரேபகுவா பக்கம் நெஜமாவே இருக்குற எடம். இதுல பலர் கவனிக்காத விஷயம், அது பொறக்கும்போது ஃபவேலாவே கெடையாது! 1960கள்ல கவர்னர் கார்லோஸ் லசெர்டா காலத்துல அமெரிக்க உதவிப் பணத்தோட கட்டுன ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நடு ஊர்ல, கடற்கரைய ஒட்டி இருந்த ஃபவேலாக்கள காலி பண்ணி அந்த ஜனங்கள கொண்டு போய் கொட்டுறதுக்குன்னே கட்டுனது, 1966 வெள்ளத்துல வீடு போனவங்களையும் அங்கதான் கொண்டு போய் விட்டாங்க. படத்தோட முதல் பகுதிய திரும்ப பாருங்க, மலையே இருக்காது, மண் ரோடு, ஒரே அச்சுல வார்த்தெடுத்த மாதிரி சின்னச் சின்ன வீடு வரிசையா நிக்கும், வேல கெடைக்கிற ஊரு எங்கயோ தூரத்துல இருக்கும். சென்னைல குடிசைங்கள காலி பண்ணி ஜனங்கள கொண்டு போய் விட்ட கண்ணகி நகர், பெரும்பாக்கம் பத்தி தெரிஞ்சவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். அந்தப் படம் பார்த்துட்டு "சேரில பொறந்தா இப்படித்தான்"னு சொல்றவங்க மேல எனக்கு வர்ற கோவம் இங்கதான், சேரிய ஒழிக்கிறோம்னு சொல்லி கட்டுன எடத்துல நடக்குற கதைங்க அது.

பாலோ லின்ஸ் அங்கயே வளர்ந்தவர், அவர் 1997ல எழுதுன நாவல்ல இருந்து எடுத்தது. 2002ல ஃபெர்னாண்டோ மெய்ரெல்லெஸ், காட்டியா லுண்ட் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுனாங்க, நடிச்ச பசங்கள்ல பெரும்பாலானவங்க ஃபவேலாக்கள்ல இருந்து வந்து பயிற்சி எடுத்து முதல் தடவையா கேமரா முன்னாடி நின்னவங்க. பிரேசில் தியேட்டர்லயே 30 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க, 2004ல இயக்கம், தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங்னு 4 ஆஸ்கர் பரிந்துரை. ஆனா அந்த ஊர்க்காரங்களோட ரியாக்‌ஷன் வேற மாதிரி இருந்துச்சு. அதே எடத்துல பொறந்து வளர்ந்த ராப் பாடகர் எம்.வி. பில் வெளிப்படையாவே எதுத்தார், படம் ஊருக்கு ஒரு நல்லதும் செய்யல, அங்க இருக்குற புள்ளைங்க மேல இன்னும் கெட்ட முத்திரையதான் குத்துச்சுன்னு. கடவுளின் நகரத்துல இருந்து வர்றேன்னு சொன்னா யார் வேல குடுப்பாங்கங்கற கேள்வி அது. இவானா பென்டெஸ்ங்குற விமர்சகர் இன்னொரு பக்கத்துல இருந்து அடிச்சாங்க. 1965ல க்ளாவ்பர் ரோஷாங்குற பிரேசில் டைரக்டர் 'பசியின் அழகியல்'னு ஒரு கட்டுர எழுதியிருந்தார், பசியையும் வன்முறையையும் பார்க்குறவனுக்கு சொகமில்லாத மாதிரி காட்டணும்னு. பென்டெஸ் அத அப்படியே திருப்பி இந்த மாதிரி படங்க எல்லாம் 'பசியின் ஒப்பனை'ன்னாங்க, வறுமைக்கு மேக்கப் போட்டு விக்கிறதுன்னு. எனக்கு அதுல பாதி ஒத்துக்க முடியுது, பாதி முடியல. எடிட்டிங் வேகத்துல சாவு கூட ஜாலியா போயிடுதுங்கறது உண்ம, ஆனா அந்த கை கால் சீன்ல படம் வேகத்த நிறுத்திட்டு நம்மள உக்கார வச்சு பார்க்க வைக்குது, அத மேக்கப்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சரி, தமிழ்ல என்னன்னு எழுதுறது?

சேரிய எடுத்துக்குவோம். பழைய தமிழ்ல சேரின்னா ஜனங்க சேர்ந்து வாழுற தெரு, குடியிருப்பு, அவ்ளோதான், இழிவெல்லாம் ஒண்ணும் கெடையாது. குறுந்தொகை 231ல "ஓரூர் வாழினும் சேரி வாரார்"னு தலைவி பொலம்புறா, ஒரே ஊர்ல இருந்தும் நம்ம தெருப்பக்கம் வர மாட்டேங்குறாரேன்னு. உத்திரமேரூர் குடவோலை கல்வெட்டுல பிராமண ஊரோட பிரிவுங்களையே 12 சேரின்னுதான் சொல்லியிருக்கு. புதுச்சேரி, வேளச்சேரில எல்லாம் இன்னைக்கும் அந்த பழைய அர்த்தம்தான் உக்காந்திருக்கு. அதே சோழர் காலத்துலயே தஞ்சாவூர் கல்வெட்டுல தீண்டாச்சேரின்னும் வருது, அப்புறம் அந்தப் பக்கமே அர்த்தம் சாஞ்சு சாஞ்சு இப்ப சேரின்னா தலித் மக்கள் குடியிருப்புன்னு ஆயிடுச்சு, சேரிப்பயன்னு திட்டுறதுல சாதிதான் பேசுது. ஃபவேலாவும் பேர்ல இருந்து வசவா மாறுனதுதான், ஆனா அங்க அந்த வசவுக்குப் பின்னாடி நிக்கிறது அடிமை முறை, தோல் நிறம், மேல சொன்ன அந்த 73 சதவீதம். சேரின்னு எழுதுனா ஒரு நாட்டோட காயத்த எடுத்துட்டு இன்னொரு நாட்டோட காயத்த வைக்கிற மாதிரி ஆயிடும், அதுவும் எழுதுறவருக்கே தெரியாம.

குப்பம்? கடலோர மீனவர் ஊருக்கு நல்லா பொருந்துற வார்த்த, அந்த வாசனைய பிரிக்க முடியாது, வேண்டாம். குடிசைப்பகுதி சாதி இல்லாத வார்த்த, கவர்மெண்ட் வார்த்த, பேப்பர்லயும் இததான் போடுவாங்க, ஆனா படத்துல கண்ண தெறந்து பார்த்தா குடிசை எங்க இருக்கு? இன்னைக்கு ஃபவேலாக்கள்ல பெரும்பாலும் சிவப்பு ஓட்டைச்செங்கல்லும் கான்கிரீட்டும்தான், மூணு மாடி நாலு மாடி கூட போகும். நம்மூர்லயே 1970ல ஆரம்பிச்ச குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர மாத்திட்டாங்க, அதனால அந்த வார்த்தைக்கு ஆபீஸ்லயே மவுசு போச்சு.

என்னைக் கேட்டா ஃபவேலான்னே எழுதிட்டுப் போங்க. முதல் தடவ வரும்போது பக்கத்துல 'பட்டா இல்லாத நிலத்துல ஜனங்களே கட்டிக்கிட்ட நெருக்கடியான குடியிருப்பு'ன்னு ஒரு வரி போட்டா போதும். சுத்தத் தமிழ்ல ஒரு சொல் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க 'தன்குடியிருப்பு'ன்னு ஒண்ணு வச்சுக்கலாம், நான் சும்மா கட்டிப் பார்த்தது, யாருக்கும் டக்குன்னு புரியாதுன்னு எனக்கே தெரியும். சிடாஜி ஜி டெயுஸ் மாதிரி எடத்துக்கு மட்டும் 'மறுகுடியமர்வுக் குடியிருப்பு'ன்னு தனியா சொல்றது நல்லது. செடிப் பேர் எடத்துக்கு வர்றது நமக்கும் ஒண்ணும் புதுசில்ல, எருக்கஞ்சேரின்னு சொல்லும்போதே எருக்கஞ்செடி தெரியுதே, அதுவும் ஒடச்சா பால் வர்ற செடிதான்.

தனி வார்த்தையா சேரி ஒத்து வராட்டியும், ஜோடியா வச்சா ஒரு எடத்துல அழகா ஒக்காரும். ரியோக்காரங்க மோஹு, அஸ்ஃபால்டோன்னு பிரிச்சுப் பேசுவாங்க, மோஹுன்னா குன்று, அஸ்ஃபால்டோன்னா தார் ரோடு. அவன் மோஹுல இருந்து வர்றான், இவ அஸ்ஃபால்டோ பொண்ணுன்னா முழுக்கதையும் சொல்லியாச்சு. நம்ம ஊரும் சேரியும்னு சொல்ற அதே கோடு, கிழிச்ச காரணம்தான் வேற. இப்ப கொஞ்சம் மரியாதையா சொல்றவங்க கொமுனிடாஜி, சமூகம்னு சொல்றாங்க, ஆனா அங்க இருக்குறவங்கள்லயே பலருக்கு அந்த பூசுன வார்த்த பிடிக்காது, ஃபவேலாதான், அதுல என்ன வெக்கம்ங்குறாங்க. ஃபவேலாடோ, ஃபவேலாவாசின்னு திட்டுறதையும் அப்படித்தான் எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. 1960லயே கரோலினா மரியா ஜி ஜெசுஸ்ங்குற கறுப்பினப் பெண், குப்பைல காகிதம் பொறுக்கி பொழச்சவங்க, சாவோ பாலோ ஃபவேலால இருந்து எழுதுன நாட்குறிப்பு புத்தகமா வந்தப்ப அதோட துணைத்தலைப்புலயே 'ஒரு ஃபவேலாடாவின் நாட்குறிப்பு'ன்னுதான் இருந்துச்சு.

படத்துல வர்ற பேருங்களையும் சப்டைட்டில் கொஞ்சம் கெடுத்து வச்சிருக்கு. கதை சொல்ற பையன் இங்கிலீஷ்ல ராக்கெட், ஒரிஜினல்ல புஸ்காபே, தரையில சீறிக்கிட்டு கால தேடி ஓடுற ஒரு வெடியோட பேர், மேல பறக்குற ராக்கெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, படம் பூரா அவன் எப்படி ஓடுறான்னு பார்த்தா எந்தப் பேர் சரின்னு புரியும். நாக்அவுட் நெட்னு வர்றவர் நெஜத்துல மானே கலீன்யா, கோழி மானே! கோழிய துரத்தி ஆரம்பிக்கிற படத்துல இந்தப் பேர மாத்துனா எப்படி.

வேற சில வார்த்தைங்களும் காதுல விழும். போகான்னா வாய், கஞ்சா, போதைப் பவுடர் விக்கிற எடத்துக்கு அதான் பேரு. லாஜின்னா மொட்டை மாடி, ஃபவேலால அது வெறும் வடகம் காயப்போடுற எடமில்ல, சொத்து. கீழ் வீட்டுக்காரர் தன் மொட்டை மாடிய இன்னொருத்தருக்கு வித்துடலாம், வாங்குனவர் அதுக்கு மேல தன் வீட்ட கட்டிக்குவார், 2017ல சட்டமே இத லாஜி உரிமைன்னு ஒத்துக்கிச்சு. அப்புறம் காட்டோ, அப்படின்னா பூனை, மீட்டர் இல்லாம போஸ்ட்ல இருந்து நேரா கரண்ட் இழுக்குறது. இதுக்கு மட்டும் தமிழ் தேடி மண்டைய ஒடச்சுக்க வேண்டாம், கொக்கி போடுறதுன்னு எழுதுனா எல்லாருக்கும் புரியும்.