கிராம சபையில் கேட்டது ஊராட்சித் திட்டத்தில் ஏற வேண்டுமானால்

எங்கள் தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்கால் வேண்டும் என்று ஜூலை மாதம் மனு கொடுத்தால், "இந்த வருஷத் திட்டத்தில் இல்லையே" என்ற பதில் வருவதுண்டு. கோபம் வரும். ஆனால் அந்தப் பதிலில் உண்மையும் உண்டு. அடுத்த நிதியாண்டில் என்னென்ன வேலை செய்வது என்பதை ஊராட்சி முன்கூட்டியே எழுதி வைக்கிறது. அதுதான் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்.

பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளுக்குத் தர வழி செய்தது, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம். 2018-லிருந்து அக்டோபர் 2-ஐ ஒட்டி, கிராம சபையில் பேசி அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் தயாரிப்பதற்கென மக்கள் திட்ட இயக்கம் நடக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடந்தாலும், காந்தி ஜெயந்தி அன்று கூடும் சபையைத் தவறவிடாதீர்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும்; ஊர் பெரிதானால் இந்த எண்ணிக்கையும் கூடும்.

பணம் எவ்வளவு, எதற்கு என்று முதலில் கேளுங்கள். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரைக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க முடியும் என்பது விதியாக இருந்தது. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குப் பயன்படுத்த முடிந்தது, சம்பளத்துக்கு அல்ல. மத்திய மானியத்தோடு மாநில நிதிக்குழு மானியமும் வீட்டு வரி போன்ற சொந்த வருவாயும் சேரும்.

"ரோடு போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. எந்தத் தெரு, யார் வீட்டு முனையிலிருந்து எதுவரை, எத்தனை குடும்பத்துக்குப் பயன் என்று எழுதிக் கொடுங்கள். குக்கிராமத்திலும் காலனியிலும் இருப்பவர்கள் நான்கைந்து பேராவது சேர்ந்து போவது நல்லது. தனியாக ஒரு பெண் எழுந்து கேட்டால் பேச்சு அடங்கிப்போகிற சபைகளை நான் பார்த்திருக்கிறேன். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குழுக்களும் அவற்றின் கூட்டமைப்பும் தயாரிக்கும் கிராம வறுமைக் குறைப்புத் திட்டத்தையும் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும். முதியோர் ஓய்வூதியம் விடுபட்டவர், வீடு இல்லாதவர் போன்றோரின் பெயர்களை அதில் ஏற்றலாம்.

பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்பதுதான் முக்கியம். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். ஒப்புதலான திட்டம், ஊராட்சிகளின் திட்டங்களையும் கணக்குகளையும் காட்டும் அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறும். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் வேலையின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் தெரியும். உங்கள் வாய்க்கால் அதில் இல்லையென்றால், அடுத்த சபைக்கு அந்தத் தீர்மானத்தின் எண்ணோடு போய், ஏன் விடுபட்டது என்று கேளுங்கள்.