ருபார்ப் தண்டு ஏன் அவ்வளவு சீக்கிரம் குழைகிறது?

ருபார்ப் என்பது புளிப்பான தண்டுள்ள ஒரு செடி; அந்தத் தண்டைச் சர்க்கரை சேர்த்து வேகவைத்துச் சாப்பிடுவார்கள். ருபார்ப் கட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை, இலையை ஒட்ட நறுக்கி எறிந்துவிடுவது. ஒரு துணுக்குகூட மிஞ்சக் கூடாது. அகன்ற அந்தப் பச்சை இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத படிகமாகிச் சிறுநீரகத்தில் போய்ப் படியும். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக இந்த இலையைக் கீரைபோலச் சமைக்கச் சொன்னார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்கு விஷமேறியது, உயிரிழப்பும் நேர்ந்தது. வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி இதில் இறங்கவே கூடாது.

தண்டிலும் அந்த அமிலம் உண்டு, ஆனால் குறைவு. நாக்கைச் சுண்டும் புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலத்தால் வருவது. பச்சை ஆப்பிளின் புளிப்பும் அதுதான். சிவந்த தண்டுதான் இனிக்கும் என்று பலர் தேடித் தேடி எடுக்கிறார்கள். சிவப்பு வேறு, இனிப்பு வேறு. நிறம் பெரும்பாலும் ரகத்தைப் பொறுத்தது.

வெட்டிய முனையை உற்றுப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நார் நுனிகள் தெரியும். நாம் தண்டு என்று சொல்வது உண்மையில் இலைக்காம்பு. அவ்வளவு பெரிய இலையைத் தாங்கி நிற்க அதற்கு இந்த நார்கள் வேண்டும். முற்றிய தண்டில் கத்தி நுனியால் ஒரு நாரைப் பிடித்து இழுத்தால் அடிவரை நீளமாக உரிந்து வரும். இளந்தண்டை உரிக்கவே வேண்டாம். சிவப்பு நிறமி பெரும்பாலும் தோலோரத்தில்தான் இருக்கிறது, உரித்தால் அதுவும் போய்விடும். குறுக்காகச் சிறு துண்டுகளாக நறுக்கினால் நாரும் துண்டுபட்டு வாயில் தட்டாது.

அப்புறம் சர்க்கரை. நறுக்கிய துண்டுகளில் தூவி அரை மணி நேரம் விட்டால், கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாகச் சாறு தேங்கி நிற்கும். வெளியே சர்க்கரை அடர்ந்திருப்பதால் செல்களுக்குள் இருக்கும் நீர் சவ்வைத் தாண்டி வெளியேறுகிறது. ருபார்ப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லை.

பாத்திரம் எவர்சில்வரோ எனாமலோ இருக்கட்டும். அலுமினியத்தை இந்த அமிலம் அரிக்கும், உலோக வாடையும் ஏறும்.

தீயைத் தணித்தே வையுங்கள். சூடு ஏற ஏறச் செல் சவ்வுகள் உடையும், உள்ளே விம்மி நின்ற நீர் வடியும், துண்டு தளர்ந்துவிடும். கொதித்தால் சில நிமிடங்களில் கூழ்தான். துண்டாகவே வேண்டும் என்றால் கிளறாதீர்கள். முனை லேசாக மெத்தென்றதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பாத்திரத்தின் சூடே பார்த்துக்கொள்ளும்.