கத்திரி வெயிலுக்கென்று காற்றை இறக்காதீர்கள்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே நெடுஞ்சாலையோரம் டயர் பணிமனை நடத்திவருகிறேன். சென்ற வாரம் பின்சக்கர டயர் வெடித்த கார் ஒன்றை இழுத்து வந்தார்கள். இந்தக் கோடையில் இது நான்காவது. "வெயிலில் காற்று விரியுமென்று குறைத்துத்தானே வைத்திருந்தேன், அப்படியும் வெடித்துவிட்டதே" என்றார் ஓட்டி வந்தவர். முந்தைய மூவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். ஐயா, குறைத்து வைத்ததால்தான் வெடித்தது.

அந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கைவிட்டபோது, உள்ளங்கை நிறையக் கரிய ரப்பர்த் தூள் வந்தது. பக்கச்சுவரின் உட்புறம் நெடுகிலும் வளையமாகச் சுருக்கம் விழுந்திருந்தது. காற்று போதாத டயர் நெடுந்தூரம் ஓடியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

டயரின் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை என்பதால், சூடு ஏறினால் அழுத்தம் ஏறும் என்பது உண்மைதான். எவ்வளவு ஏறும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 30 டிகிரி 60 டிகிரியானால் அழுத்தமும் இரட்டிப்பாகும் என்று படித்தவர்களே என்னிடம் வாதிடுகிறார்கள். வாயுவின் கணக்கைச் செல்சியஸில் போடக் கூடாது. 273ஐக் கூட்டிக் கெல்வினில் பார்த்தால் 303 என்பது 333 ஆகிறது, அதாவது பத்தில் ஒரு பங்குதான் உயர்வு. குளிர்ந்த டயரில் கேஜ் (அழுத்தமானி) காட்டும் 33 பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவுடன் அது காட்டாத வளிமண்டல அழுத்தமான 14.7ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால், சூடேறிய டயரில் கேஜ் ஏறத்தாழ 38 காட்டும். இந்த உயர்வையும் கணக்கில் கொண்டுதான் கார் நிறுவனம் குளிர்ந்த டயருக்கான அளவை நிர்ணயிக்கிறது.

வழியில் அந்த 38ஐப் பார்த்துப் பயந்து 30க்கு இறக்கினீர்களானால், மறுநாள் காலை டயர் ஆறியிருக்கும்போது உள்ளே 26தான் இருக்கும். அந்த நிலையில் ஐந்து பேரும் மூட்டைகளுமாக நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதில் எழும் சூடு, தார்ச்சாலையின் சூட்டைவிடப் பெரிய கேட்டைச் செய்யும். ரப்பரும் உள்ளிழைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும்.

நைட்ரஜன் அடித்தால் விரியாது என்பதும் தவறு. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டுக்கு இரண்டும் ஒரே அளவில்தான் அழுத்தம் கூட்டும். நைட்ரஜன் ஈரமில்லாதது, சற்று மெதுவாகக் கசிவது என்பதோடு அதன் நன்மை முடிகிறது. ஆகவே அதை அடித்துவிட்டோம் என்று மாதக்கணக்கில் பார்க்காமல் விடாதீர்கள்.

காற்றைக் காலையில், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு சரிபாருங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள். முழுச் சுமைக்குத் தனி அளவு தந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அதிகபட்ச அளவு, அதை வைத்துக் காற்று அடிக்காதீர்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஸ்டெப்னியையும் தயவுசெய்து பாருங்கள். அந்தக் காரின் ஸ்டெப்னியில் 12 பிஎஸ்ஐதான் இருந்தது. அதனால்தான் இரண்டு குழந்தைகளோடு அந்தக் குடும்பம் உச்சி வெயிலில் சாலையோரம் நின்றிருந்தது.