நாடோடி ஓவியரா ஷிஷ்கின்?

ரஷ்ய ஓவியர் ஷிஷ்கினைத் தமிழில் "நாடோடி ஓவியர்" என்று எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தாயிற்று. மனிதர் 1832இல் காமா நதிக்கரை ஊரான எலபூகாவில் வணிகர் வீட்டில் பிறந்து, மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் முறையாகப் படித்து, 1873இல் கலைக்கழகத்தின் பேராசிரியர் பட்டமும் வாங்கி, 1898இல் அதே பீட்டர்ஸ்பர்க்கில் வரைந்துகொண்டிருந்தபோதே உயிர்விட்டவர். காடு காடாகப் போய்ப் பைன் மரங்களை வரைந்தார், சரி. அதற்காக நாடோடியா?

இந்த 'நாடோடி'க்கு மூலமான ரஷ்யச் சொல் பெரெத்வீஷ்னிக், பன்மையில் பெரெத்வீஷ்னிகி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது என்பது வேர், 'னிக்' ஆளைக் குறிக்கும் விகுதி, அவ்வளவுதான். 1870இல் மியசயேதவ், கிராம்ஸ்கோய், ஷிஷ்கின் முதலான ஓவியர்கள் சேர்ந்து அமைத்த "நடமாடும் கலைக் கண்காட்சிகளின் சங்கம்" என்ற நீளப் பெயரிலிருந்து வந்தது. 1871இல் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில் திறந்த முதல் கண்காட்சி, அப்புறம் மாஸ்கோ, கீவ், கார்க்கிவ் என்று ஊர் ஊராகப் போனது. தலைநகரைத் தாண்டியும் மக்கள் படம் பார்க்க வேண்டும், ஓவியருக்கும் விற்பனை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் சுற்றியது கண்காட்சி, ஆள் அல்ல.

ஆங்கிலக்காரர்கள் இதை 'வாண்டரர்ஸ்', அதாவது அலைந்து திரிபவர்கள், ஆக்கினார்கள். நம்மவர்கள் அகராதியில் அதைத் தேடி 'நாடோடிகள்' என்று போட்டுவிட்டார்கள். நாடோடி என்றதும் நமக்கு வருவது வீடு வாசல் இல்லாதவன், நாடோடிப் பாட்டு, நாடோடிக் கதை. படிக்கிறவர் இவர்கள் ஏதோ கிராமியக் கலைஞர்கள் என்று நினைத்துக்கொள்வார். தூய தமிழ் என்று சிலர் சொல்லும் 'பெயர்வோவியர்' இன்னும் மோசம், ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர் மாதிரி ஒலிக்கிறது. நல்ல தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை, ஆனால் சொல் பொருளைக் காட்ட வேண்டாமா? நடமாடும் நூலகத்தில் வேலை பார்ப்பவரை நாடோடி நூலகர் என்போமா? ரஷ்யர்களும் அந்த நூலக வண்டிக்குச் சங்கத்தின் பெயரில் உள்ள அதே 'நடமாடும்' என்ற அடைமொழியைத்தான் போடுகிறார்கள்.

ஒரு காலத்தில் மாஸ்கோவிலேயே தங்கி ரஷ்ய மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். இப்போது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் சுற்றி வருகிறது, அங்கே விழுந்த ஓட்டை இங்கே இன்னும் பெரிதாகிறது.

என் கணக்கில் 'நடமாடும் கண்காட்சி ஓவியர்கள்' சரி. நீளம் என்றால் பெரெத்வீஷ்னிகி என்றே எழுதுங்கள், ரஷ்யர்களின் தேநீர்க் கொதிகலமான சமோவாரை அப்படித்தானே எழுதுகிறோம்.