எந்தப் புத்தகம் பொய், சார்?

ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடம் நடந்துகொண்டிருந்தது. ராஜராஜன் இலங்கையை வென்றதைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தேன். இந்த ஆண்டுதான் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “சேர், எங்கட புத்தகத்தில சோழர் வந்து அநுராதபுரத்தை அழிச்சவை எண்டு இருக்கு.” வகுப்பே ஊளையிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ‘துரோகி’ என்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது. இரவு எட்டரைக்கு ஓர் அப்பா கூப்பிட்டார். கோபமில்லை, பாவம், நிஜமாகவே குழம்பியிருந்தார். “எந்தப் புத்தகம் பொய் சார்? அவங்களோடதா, நம்மளோடதா?”

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இதே கேள்வி இந்தக் கல்வியாண்டில் மட்டும் நான்காவது முறை வருகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் விளக்கித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதிப் போட்டுவிடுகிறேன், இனி லிங்க் அனுப்பினால் போதும்.

இரண்டுமே பொய் இல்லை. இதை யாருமே காதில் வாங்குவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 993 வாக்கில் சோழர் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து அங்கிருந்து ஆண்டார்கள். ராஜேந்திரன் காலத்தில், 1017இல், இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் பன்னிரண்டு ஆண்டு சோழ நாட்டுச் சிறையில் இருந்து 1029இல் செத்துப்போனான். 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு சோழரை விரட்டினான். இந்த விவரங்களில் கொழும்பு ஆசிரியருக்கும் எனக்கும் சண்டையே கிடையாது.

சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. நம் பாடம் 985இல் ராஜராஜன் பட்டமேறுவதில் தொடங்கி, படையெடுப்புகளைத் தாண்டி, பெரிய கோயிலில் போய் நிற்கும். அவர்கள் பாடம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த அநுராதபுரத்தில், அதன் குளங்களிலும் விகாரைகளிலும் தொடங்கும். சோழர் நடுவில் வருவார்கள். விஜயபாகுவின் வெற்றியில் முடியும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதிலேயே யார் நாயகன், யார் இடையூறு என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு பொய்கூடத் தேவைப்படாது.

அப்புறம் வினைச்சொல். வென்றான், படையெடுத்தான், கைப்பற்றினான், சூறையாடினான். நான்கையும் ஒரே நிகழ்ச்சிக்குப் போடலாம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு, ‘பொருகடல் ஈழத்தரசர்தம் முடியும் ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்’ கொண்டதாகப் பெருமையோடு பாடுகிறது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம், விகாரைகளை உடைத்து இலங்கையின் செல்வத்தையெல்லாம் இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போலக் கொண்டுபோனார்கள் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசியின் கிரீடத்தைக்கூட எடுத்துவந்தோம் என்று நம் ஆளே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கொள்ளை நடந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எடுத்தவன் பாட்டாக எழுதினான், இழந்தவன் புலம்பலாக எழுதினான்.

இலங்கைப் புத்தகம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். அங்கே, அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைச் சிங்கள மன்னன் துட்டகைமுனு போரில் கொன்ற கதை சிங்களர், தமிழர் போராகவே பல தலைமுறை மனத்தில் பதிந்துவிட்டது. மூலமான மகாவம்சமோ எல்லாளனின் நீதியைப் புகழ்கிறது. கன்றை இழந்த பசு அடித்த ஆராய்ச்சி மணிக்கதை அதிலேயே இருக்கிறது. தான் கொன்ற எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவுச் சின்னம் எழுப்பி, அதைக் கடப்பவர் மரியாதை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டதும் அதில்தான். வகுப்புக்கு வரும் வழியில் மணியும் மரியாதையும் உதிர்ந்து போர் மட்டும் மிஞ்சுகிறது. இதில் எங்கே பொய்? சுருக்கம்தான். பக்க வரம்பு என்பார்கள். நானும் பாடநூல் பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். பக்க வரம்பு வந்தால் முதலில் வெட்டுப்படுவது எதிரியின் நல்ல குணம்தான்.

ஒரு சொல்லுக்காக அரசாங்கங்கள் மோதியதும் உண்டு. சீனாவுக்குள் ஜப்பானியப் படை போனதை ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதாமல் ‘முன்னேறுதல்’ என்று மென்மையாக்கச் சொல்கிறது ஜப்பானியக் கல்வி அமைச்சகம் என்று 1982இல் செய்தி வந்ததும் பெய்ஜிங்கும் சியோலும் கொதித்தன. அண்டை நாடுகளை மனத்தில் வைத்துப் பாடநூலைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று ஒரு விதியையே ஜப்பான் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே நாட்டில் இயனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர், தன் பாடநூலில் அமைச்சகம் கைவைத்ததை எதிர்த்து 1965இல் வழக்குப் போட்டார். ஒரு வழக்கு மூன்றானது. கடைசித் தீர்ப்பு 1997இல் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டு! பெரும்பாலும் தோற்றார். ஆனால் மஞ்சூரியாவில் மனிதர்களை வைத்துச் சோதனை செய்த 731ஆம் படைப்பிரிவைப் பற்றி அவர் எழுதியதை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் நாட்டைக் குறைசொல்லும் ஒரு பத்திக்காக வாழ்நாளில் முப்பத்திரண்டு ஆண்டைக் கொடுத்த மனிதர். நம் ஊரில் இவரைப் பின்வரிசையிலிருந்து என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஜப்பானைப் பற்றி நாம் சுலபமாகப் பேசிவிடலாம். நம் பாடத்தில் ஜப்பான் எங்கே வருகிறது? இந்திய தேசிய ராணுவம் என்ற தலைப்பில், நேதாஜிக்குக் கைகொடுத்த நாடாக வருகிறது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அவர் தற்காலிக அரசை அறிவித்தார். மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். சரி. அதே 1943 அக்டோபரில்தான் சயாம் - பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் இணைத்து முடித்தார்கள். 415 கிலோமீட்டர். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள் அந்தக் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே இறந்த மேற்கத்தியப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. ஒரே மாதம், ஒரே ஜப்பான், இரண்டு பக்கமும் தமிழர். நான் நடத்திய புத்தகங்களில் முதல் கதை எப்போதும் இருந்தது, இரண்டாவது என் கண்ணில் பட்டதில்லை. பிரிட்டனுக்கு அவர்கள் யாருமில்லை, ஜப்பானுக்குச் சங்கடம், நமக்கு விடுதலைக் கதையில் உறுத்தல். மூன்று நாடும் பேசி வைத்துக்கொள்ளாமலே சேர்ந்து மறந்திருக்கிறோம்.

உள்ளூரிலும் இதே கதைதான். ‘முதல் விடுதலைப் போர்’ 1857 என்பார் வடக்கே. 1806 வேலூர் என்போம் நாம். 1801 மருதிருவர் என்று அதற்கும் முன்னால் போவார் சிவகங்கைக்காரர். ஒடிசாக்காரர் 1817 பைக்கா கிளர்ச்சியைக் காட்டுவார். அது போகட்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தை. ‘பாடப்புத்தகம் மறைத்த உண்மை’ என்று தொண்ணூறு விநாடியில் ஒருவன் கத்தினால், அவன் எதை மறைக்கிறான் என்று முதலில் பாருங்கள். அரசு பதிப்பித்த புத்தகத்தை எழுதியவர் பட்டியலாவது அதிலேயே இருக்கும், ரீல்ஸில் அதுவும் கிடையாது. பிள்ளையின் முன்னால் ‘அவங்க வரலாறே பொய்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மறுநாள் அது என் வகுப்புக்குத்தான் வந்து சேர்கிறது. போரைப் பற்றிய பாடம் படித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தோற்ற ஊரில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்? போதும்.

ஆசிரியர்களே, நமக்கு இன்னும் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். புத்தகத்தைக் குறைசொல்லித் தப்பிக்காதீர்கள். புத்தகத்தைவிடச் சார்பு கெட்டியாக உட்கார்ந்திருப்பது விடைக்குறிப்பில். பேப்பர் திருத்தும் முகாமில் நாம் எல்லோரும் அதைச் செய்கிறோம். கீயில் ‘வெற்றி’ என்று இருந்தால் வெற்றிக்கு மார்க், ‘சூறையாடல்’ என்று எழுதியவன் பேப்பரை வைத்துக்கொண்டு சீஃப் எக்ஸாமினரிடம் போய் நிற்க நேரமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர் கட்டித் தருகிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வகுப்புத் தேர்வில் கீ நம் கையில்தானே இருக்கிறது? அங்கேயாவது இரண்டு பதிலுக்கும் மார்க் போடலாம்.

ஜென்மப் பகையாளிகளாக இருந்த பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து மேல்நிலை வகுப்புக்கு ஒரே வரலாற்றுப் பாடநூலை 2006இல் கொண்டுவந்தன. இரண்டு மொழி, ஒரே பாடம். நமக்கும் இலங்கைக்கும் அப்படி ஒன்றை என் பணிக்காலத்துக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. இன்னும் ஒன்பது ஆண்டுதான் இருக்கிறது.

மறுநாள் ஏழாம் வகுப்புக்குப் போனேன். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மெய்க்கீர்த்தி வரி, வலப்பக்கம் சூளவம்சம் சொல்வது. இரண்டுக்கும் பொதுவாக என்ன நடந்திருக்கிறது என்று கேட்டேன். “நகையை எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்” என்றாள் ஒருத்தி. இலங்கைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பக்கத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ‘துரோகி’ என்று கூப்பிட்டவன்தான் மணி அடித்த பிறகு பின்னாலேயே வந்தான்.

“சார், பரீட்சையில எந்தப் பக்கத்தை எழுதணும்?”

வெட்கத்தோடுதான் சொன்னேன். “இடப்பக்கம்.”